அவிழ்த்து விடச் சொன்னேன்

நான் கிழமைக்கு ஐந்து நாள் வீட்டு ஹீற்றர் திருத்துகிறவன்; ஒரு நாள் பின்னேரம் மட்டும் ராணுவத்தில் இருக்கிறவன். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "துவக்குத் தருவினமோ?" என்று கேட்பார்கள். தருவார்கள். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கி இலக்கத்தைச் சரிபார்த்து வாங்கிப் பூட்டியும் விடுவார்கள். வீட்டுக்கு வருவது சேறு பிடித்த சப்பாத்தும் ஊத்தைச் சீருடையும்தான்.

இதற்கு ரிசேர்வ் என்று பெயர். பகுதிநேரப் படை. புதன்கிழமை வேலை முடிந்ததும் மில்லிக்கனில் இருந்து ரொறொன்ரோ நகரத்தின் நடுவில் இருக்கும் ஆர்மரிக்கு, எங்கள் படைப்பிரிவின் கட்டடத்துக்கு, காரில் போவேன். பார்க்வே நெடுஞ்சாலையில் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் நேரம் நான் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருப்பேன். அங்கே பழைய செங்கல் கட்டடத்துக்குள் கணக்காளர், மாணவர், தாதி, மரக்கறிக் கடைக்காரர் என்று நூறு பேர் வரிசையில் நிற்போம். மாதத்தில் ஒரு வாரஇறுதி காட்டில் படுக்கை. "உங்கட ஆமி கிழமைக்கு ஒருக்காத் திறக்கிற கடையப்பா" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் பெரிய பிழை இல்லை.

ஏன் சேர்ந்தாய் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். வேலையிடத்தில், பாரவண்டி ஓட்டும் லைசென்ஸ் கிடைக்கும் என்றேன். மனைவியின் வீட்டாருக்கு, வாழ வைத்த நாடு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணம் கொஞ்சம் பிள்ளைத்தனமானது. சின்ன வயதில் எனக்கு ஆமி என்றால் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருந்து வருகிற ஒன்று. அதை ஒருமுறை உள்ளே இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். உள்ளே போனால் படிவம், வரிசை, காத்திருப்பு, சப்பாத்து கடிக்கிறது என்ற முறைப்பாடு. ஏமாற்றமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

எங்கள் வீட்டின் கீழ் அறையில் அப்பா இருக்கிறார். முதன்முதலில் நான் சீருடையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உந்த உடுப்பைக் கராஜுக்குள்ள கழட்டிப் போட்டிட்டு உள்ளுக்கு வா" என்றார். அவ்வளவுதான். பதினான்கு வருடமாக அப்படியே செய்கிறேன். அவருக்கும் எனக்கும் பேச்சு எப்போதும் அளவோடுதான். மருந்து எடுத்தீர்களா, எடுத்தேன். வெளியே குளிரா, குளிர்தான். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு அவர்மேல் ஒரு பழைய கோபம் இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதினான்கு வருடத்தில் துவக்கோடு போகிற வேலை எனக்கு ஒருமுறையும் வரவில்லை. வந்ததெல்லாம் உள்நாட்டு வேலை. கொரோனாக் காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைத்தேன், சோறு ஊட்டினேன். ஒரு பனிப்புயலுக்குப் பிறகு மின்சாரம் போன தெருக்களில் கதவு கதவாகத் தட்டி, உயிரோடு இருக்கிறீர்களா என்று நாகரிகமான சொற்களில் கேட்டேன். மற்றதெல்லாம் வெள்ளம். நாட்டுப் பாதுகாப்பு என்று பெரிய எழுத்தில் சொல்வது நடைமுறையில் பாதி நாள் மண்ணள்ளிச் சாக்கில் போடுவது. மீதி நாள், யாராவது வந்து எங்கே அடுக்குவது என்று சொல்லும்வரை காத்திருப்பது.

அந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விதி உண்டு. இந்த வேலைகளில் நாங்கள் பொலிஸ் இல்லை. யாரையும் மறிக்க முடியாது, யாரையும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது. வெளியேறச் சொல்லும் கட்டளை நகரசபையுடையது. நாங்கள் கதவைத் தட்டி, விஷயத்தைச் சொல்லி, சம்மதித்தால் பெட்டியைத் தூக்கிக் கொடுப்போம். மாட்டேன் என்றால் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். சீருடை போட்டவன் வாசலில் நின்று மன்றாடுகிற காட்சியை என் சொந்தக்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு வசந்தகால வெள்ளம். பனி ஒரேயடியாக உருகி, அதன்மேல் மழையும் பெய்து, ரொறொன்ரோவுக்குக் கிழக்கே சில மணிநேரத் தூரத்தில் ஓர் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. யார் வரலாம் என்று ஆர்மரியில் இருந்து கேட்டார்கள். நான் பெயர் கொடுத்தேன். என் முதலாளி, சித்திரை மாதத்தில் ஹீற்றர் பழுதானால் யார் பார்ப்பது என்று முனகிக்கொண்டே லீவு தந்தார். ஐந்து நாள் மண்மூட்டை அடுக்கினோம். ஆறாம் நாள் காலை, ஆற்றோரத் தெருக்களைக் காலி செய்ய நகரசபை முடிவெடுத்தது.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு ஒரு பெண் சார்ஜன்ட். மற்ற நாட்களில் ஒஷாவாவில் நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். கோப்ரலான என்னையும் அதே வகுப்பில்தான் வைத்திருந்தார். ஆளுக்கொரு பிளாஸ்ரிக் அட்டை தந்தார். வாசலில் சொல்ல வேண்டியது அதில் இருந்தது: மூன்று நாளுக்கு உடுப்பு, மருந்து, அடையாள அட்டை, எரிவாயுவை நிறுத்துங்கள், பள்ளிக்கூட ஜிம்மில் இடம் இருக்கிறது. முன்பக்கத்தைப் பார்த்தேன். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. இடம்பெயர்வது எப்படி என்று எனக்கு ஓர் அட்டை சொல்லித்தர வேண்டுமா என்ற எண்ணம்தான். வாழ்க்கையில் எனக்குத் தலைக்கனம் வந்த இடங்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

முதல் வீட்டில் ஒரு நடுவயதுப் பெண். அட்டையில் உள்ளதைச் சொன்னேன். பிறகு, கேட்காமலே, "வீட்டு உறுதிப் பத்திரம் எடுத்துவிட்டீர்களா?" என்றேன். அவர் விழித்தார். "பிறப்புச் சான்றிதழ்கள்? கலியாணப் படங்கள்? ஒன்றையும் விடாதீர்கள்." அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய்ச் சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். இரண்டாம் வீட்டிலும் அப்படியே சொன்னேன். மூன்றாம் வீட்டுக்காரர் பெட்டிகளை வாகனத்தில் ஏற்றி முடித்து, திரும்பி நின்று வீட்டைப் பார்த்து அழுதார். அதற்குள் முதல் வீட்டுப் பெண் தெருவைக் கடந்து வந்து சார்ஜன்டைப் பிடித்துவிட்டார்: "உண்மையைச் சொல்லுங்கள். நாங்கள் திரும்பி வரப்போவதில்லையா?"

சார்ஜன்ட் என்னை லொறிக்குப் பின்னால் கூப்பிட்டார். கோபப்படவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். "இவர்கள் மூன்று நாளுக்குப் போகிறார்கள். மிஞ்சினால் ஒரு கிழமை. நீ உலகம் முடிந்த மாதிரிப் பேசுகிறாய். அட்டையில் உள்ளதை மட்டும் சொல்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சின்ன வயதில் ஊரை விட்டுக் கிளம்பியபோது எங்களுக்கும் இரண்டு நாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதன் பிறகு உறுதி, படம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஒன்றைத் தவிர.

ஆறு வளைகிற இடத்தில் கடைசி வீடு. ஒரு கிழவர் தனியாக இருந்தார். முன்பு மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். நான் போகும்போதே பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். முற்றத்தில் மண்ணிற நாய் ஒன்று, ஒரு காது மடிந்தது, சங்கிலியில் நின்று வாலை ஆட்டியது. தண்ணீர் அதன் கூட்டுக்குப் பத்தடி தள்ளி வந்துவிட்டது.

"நாயை என்ன செய்வது?" என்று கிழவர் கேட்டார்.

"அவிழ்த்து விடுங்கள்," என்றேன். "கட்டி வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படித்தான் ராணுவம் சொல்கிறதா?"

"ஆம்."

ராணுவம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான். ஒன்பது வயதில் நான் ஊரை விட்டு வந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. ஆமி கிட்ட வந்துவிட்டது என்று பின்னேரம் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மழை. குடாநாட்டின் ஒரு பாதிச் சனமே ஒரே வீதியில் இறங்கியது. அம்மாவும் நானும் பக்கத்து வீட்டாரின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் முன்னுக்குப் போனோம். அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் பின்னால் வந்தார். அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைக் கண்டுபிடித்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, நாய் எங்கே என்பதுதான். "கட்டிப்போட்டு வந்தனான்," என்றார் அப்பா. "சோறும் தண்ணியும் வச்சிருக்கு. ரெண்டு நாளில போயிடுவம்தானே." நாங்கள் அந்த வீட்டுக்குப் பிறகு போகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து வன்னி, வன்னியில் இருந்து கொழும்பு, பிறகு இங்கே. அப்பாமேல் எனக்கிருந்த கோபம் இதுதான். ஒரு கயிற்றை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கிழவர் சங்கிலியைக் கழற்றினார். நாய் விளையாட்டென்று நினைத்து முற்றத்தைச் சுற்றி ஓடியது. நாங்கள் அவரை லொறியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நாய் பின்னால் ஓடிவந்தது. தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு. கொஞ்சத் தூரம் நீந்தியது. வளைவில் திரும்பியதும் தெரியவில்லை. கிழவர் கடைசிவரை பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நல்ல காரியம் ஒன்று செய்து முடித்த நிறைவோடு இருந்தேன்.

அந்த நிறைவு ஜிம் வாசல்வரைதான் நின்றது. உள்ளே காலடி வைத்ததும் குரைப்புச் சத்தம். ஒரு பக்கம் முழுக்க நாய்கள், பூனைக் கூடைகள், ஒரு கூண்டில் கிளி. பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் தட்டில் தீன் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். நான் சட்டைப் பையில் இருந்து அட்டையை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தின் முதல் வரி: வளர்ப்புப் பிராணிகளைக் கட்டாயம் உங்களோடு கூட்டி வாருங்கள்.

இடம்பெயர்கிற சனம் ஏறும் வண்டியில் நாய்க்கும் இடம் இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. இருக்கலாம் என்று யோசித்தாவது பார்த்தேனா என்றால், இல்லை. எனக்குத் தெரிந்த உலகத்தில் இரண்டு வழிதான்: கட்டிவிட்டுப் போவது, அவிழ்த்துவிட்டுப் போவது.

கிழவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அவனும் வந்திருக்கலாம்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் சார்ஜன்டிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தெருவை அதற்குள் மூடிவிட்டார்கள். ஆறு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு யாரும் திரும்பிப் போக முடியாது. அடுத்த நாள் வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் படகில் போகிற வேலைக்கு நானாகவே கைதூக்கினேன். ஒவ்வொரு மூலையிலும், கிழவரிடம் கேட்டு வைத்திருந்த நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கிழவரின் வீட்டு முற்றத்தில் கூடு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. பின்னேரம் திரும்பியபோது அவர் ஜிம் வாசலில் மடிக்கிற கதிரை ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார். லொறியின் பின்கதவு திறக்கும்வரை பார்த்தார். நாங்கள் மட்டும் இறங்கியதும் கதிரையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் நான் பின்கதவால் இறங்காமல் முன்பக்கத்தால் இறங்கி, சுவரோரமாகக் கள்ளன் மாதிரிப் போனேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் காலை கண்டோம். ஊரை விட்டு வெளியேறும் வீதிக்குப் பக்கத்தில், தண்ணீர் ஏறாத ரயில் பாதை மேட்டில் இருந்தது. லொறி போன திசையிலேயே வந்து, மேற்கொண்டு வர வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. மெலிந்து விலா எலும்பு தெரிந்தது. நான் படகில் இருந்து இறங்கிப் பெயரைச் சொல்லிக் கிட்டப் போனேன். பல்லைக் காட்டி உறுமியது. பிஸ்கற் போட்டேன், தொடவில்லை. சீருடையில் இருந்த நான்கு பேரில் ஒருவரையும் அது பத்தடிக்குள் விடவில்லை.

பொதுமக்களைப் படகில் ஏற்றக்கூடாது என்பது விதி. சார்ஜன்டைத் தொலைபேசியில் கேட்டேன். "நான் இப்போது மண்மூட்டை எண்ணப் போகிறேன்," என்றார். "அதற்கு ஒரு மணிநேரம் ஆகும்."

கிழவரைக் கூட்டிவந்து உயிர்காப்பு அங்கி போட்டு ஏற்றினோம். மேட்டுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போதே அவர் கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. அந்த நாய் படகு கரைசேரும்வரைகூடப் பொறுக்கவில்லை. தண்ணீருக்குள் பாய்ந்து நீந்தி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் படகுக்குள் போட்டோம். அவர்மேல் ஏறி நின்று முகம் கழுத்தெல்லாம் நக்கியது. நான் மறுபக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு அழுதேன். மழை அங்கியின் தொப்பி அதற்கு உதவியது.

ஜிம்மில் இறங்கும்போது கிழவர் என் தோளைத் தட்டினார். "அடுத்த முறை அட்டையைத் திருப்பிப் பார்," என்றார்.

ஒரு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சீருடையைக் கராஜில் கழற்றிப் போட்டேன். மனைவி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். அப்பாவும் மேலே வந்து மேசையில் இருந்தார். மனைவி கதை கேட்டாள். நான் வீட்டு உறுதிக் கதையில் தொடங்கி, கிழவரின் முகத்தை நடித்துக் காட்டி, படகுவரை சொன்னேன். அவள் சிரித்தும் கண்ணைத் துடைத்தும் கேட்டாள். அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

அவர் அப்படிப் பேசாமல் இருந்தது எனக்கு ஏனோ கொதித்தது. களைப்பும் சேர்ந்திருக்கலாம். முப்பது வருடம் உள்ளே வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"பாருங்கோ அப்பா, அவிட்டு விட்டபடியால்தான் அது உயிரோட இருந்தது. கட்டியிருந்தா அண்டைக்கே தண்ணிக்குள்ள தாண்டு செத்திருக்கும். நீங்களும் அண்டைக்கு எங்கட நாயை அவிட்டு விட்டிருக்கலாம்."

மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அப்பா கையில் எடுத்த புட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"நான் கட்டேல்லை," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அவிட்டுத்தான் விட்டனான். சைக்கிளுக்குப் பின்னால வந்திட்டுது. நாவற்குழிப் பாலம் மட்டும் வந்தது. அங்க ஒரு அடி எடுத்து வைக்க இடமில்லை. சனத்துக்குள்ள மிதிபட்டுச் சாகப்போகுது எண்டு கலைச்சன். போகேல்லை. கல்லெடுத்து எறிஞ்சன். ரெண்டு கல்லுக்கும் தள்ளித் தள்ளி நிண்டு பாத்தது. மூண்டாவது முகத்தில பட்டிட்டுது. அதுக்குப் பிறகு வரேல்லை."

"அப்ப ஏன் கட்டினனான் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ சின்னப்பிள்ளை. கட்டிக் கிடக்கு எண்டு சொன்னா, போய் அவிட்டு விடலாம் எண்டாவது இருப்பாய் எண்டு நினைச்சன்."

இருந்தேன். வன்னியில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். போனதும் முதலில் படலையைத் திறப்பது, பிறகு கயிற்றை அவிழ்ப்பது என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் செய்து பார்ப்பேன். அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கும். அவரும் சொல்லாமலே போய்விட்டார், ஆறு வருடமாகிறது. என்னுடைய கோபத்தை இவர் தெரிந்தே வாங்கிக்கொண்டார் என்பது அந்த மேசையில்தான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்கான பழக்கம் எங்களுக்குள் இல்லை. மனைவி எழும்பி அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள்.

அப்பா சாப்பிடவில்லை.

"அந்த வெள்ளைக்காரன் கூப்பிட்டவுடன வந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"உடனயோ?"

"உடன. தண்ணிக்குள்ள பாய்ஞ்சு வந்தது."

"விட்டிட்டுப் போனவன் எண்டு கோவிக்கேல்லை?"

"இல்லையப்பா," என்றேன். "கோவிக்கேல்லை."